ஜிம்மிக்கு ஏன் தொந்தி?

மனிதருக்குத் தொந்தி விழுந்தால் "சௌக்கியமாக இருக்கிறார்" என்று சொல்லுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. நாய்க்குத் தொந்தி விழுந்தாலும் அதையேதான் சொல்லுகிறோம். "எங்கள் வீட்டுச் சாப்பாடு அப்படி!" என்று பெருமை வேறு. ஆனால் நாயின் முதுகை ஒரு தடவை தடவிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். தின்று கொழுத்த நாய்க்கு முதுகிலும் விலாவிலும் சதைப் பிடிப்பு இருக்கும். முதுகெலும்பு கையில் முட்டுகிறது, விலா எலும்பை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம், வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கிறது என்றால், அந்தத் தொந்திக்கும் உங்கள் சமையலுக்கும் சம்பந்தமில்லை.

இந்த வாரம் இதைப் பற்றி எழுதக் காரணம் ஒரு கடிதம். எழுதியவர் நம் பத்திரிகையின் பழைய வாசகி. மேற்கு மாம்பலத்தில் இருப்பவர். சில மாதங்களாகக் கலிபோர்னியாவில் பிள்ளை வீட்டில் தங்கியிருக்கிறார். கடிதத்தின் முக்கியமான பகுதி இது:

"டாக்டர் ஐயா அவர்களுக்கு நமஸ்காரம். இங்கே பிள்ளை வீட்டில் ஜிம்மி என்று ஒரு லாப்ரடார் இருக்கிறது. ஐந்து வயசு. குழந்தைகளுக்கு அதுதான் உயிர். இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. இளைத்துக்கொண்டே போகிறது. வயிறு மட்டும் பெருத்துக்கொண்டே வருகிறது. பூச்சி மருந்து மாதா மாதம் தவறாமல் கொடுக்கிறார்கள். மலத்தைப் பரிசோதித்ததில் பூச்சி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது ஸ்கேன் எடுத்துவிட்டு, வயிற்றில் நீர் கட்டியிருக்கிறது, ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பார்க்கவேண்டும், நாடாப்புழுவாக இருக்கலாம் என்கிறார் இங்குள்ள டாக்டரம்மா. மலத்தில் இல்லாத பூச்சி வயிற்றில் எப்படி இருக்கும்? வாயில்லா ஜீவனை வயிற்றில் குத்தவேண்டுமா? என் மருமகள் குத்தித்தான் ஆகவேண்டும் என்கிறாள். தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் தேவலை."

மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்லுவது ஆபத்தான காரியம். ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். இந்த வழக்கில் மருமகள் பக்கமே நியாயம் இருக்கிறது. பத்திரிகையில் அச்சாகும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும் என்று, அன்றைக்கே அந்த அம்மாளுக்குத் தனியாகப் பதில் போட்டுவிட்டேன். அவருடைய கேள்வி நல்ல கேள்வி. நாய் வளர்க்கிற எல்லோரும் கேட்கக்கூடியது. ஆகையால் மற்றவர்களுக்கும் சொல்லுகிறேன்.

"வயிறு" என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு இடங்களைக் குறிப்பிடுகிறோம். குடம் குடமாகத் தண்ணீர் பிடித்து வைக்கும் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய்க்குள் ஓடும் தண்ணீர் வேறு, குழாய்க்கு வெளியே தரையில் தேங்கும் தண்ணீர் வேறு அல்லவா? இரைப்பையும் குடலும் வாயிலிருந்து பின்பக்கம் வரை செல்லும் ஒரு குழாய். அந்தக் குழாய் சுருண்டு கிடக்கும் அறைதான் வயிற்றுக் குழி. மலம் வருவது குழாய்க்குள்ளிருந்து. அதைப் பரிசோதித்தால் குழாய்க்குள் இருப்பது தெரியும். குழாய்க்கு வெளியே, அறையில் என்ன நடக்கிறது என்று மலம் ஒரு நாளும் சொல்லாது.

வேப்பேரிக் கல்லூரியில் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் நாடாப்புழுவைக் குடலில்தான் தேடச் சொன்னார்கள். அது சரியான பாடமே. நம் ஊர் நாய்களிடம் சாதாரணமாகக் காணும் நாடாப்புழு தெள்ளுப் பூச்சியால் வருவது. நாய் உடம்பைக் கடித்துச் சொறியும்போது தெள்ளை விழுங்குகிறது; தெள்ளுக்குள்ளிருந்த குஞ்சுப் புழு குடலில் வளர்ந்து நாடாவாக நீளுகிறது. அதன் துண்டுகள் வெள்ளரி விதை போல நாயின் பின்பக்கத்திலும் படுக்கையிலும் ஒட்டியிருக்கும். பார்த்தவுடன் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். தக்க மருந்து ஒரு வேளை கொடுத்தால் போய்விடும். தெள்ளை ஒழிக்காவிட்டால் திரும்பவும் வரும், அவ்வளவுதான். உயிருக்கு மோசம் செய்யும் வியாதி அல்ல.

ஜிம்மிக்கு வந்திருக்கலாம் என்று அந்த டாக்டரம்மா சந்தேகப்பட்டது வேறு ஜாதி. அதன் பெயர் மெசோசெஸ்டாய்டிஸ். பெயர் வாயில் நுழையாவிட்டால் பாதகமில்லை; அதன் நடத்தையை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய புழு நரி, நாய், பூனை போன்ற மாமிசம் தின்னும் பிராணிகளின் குடலில் வாசம் செய்கிறது. குஞ்சுப் புழுவோ பல்லி, ஓணான், பாம்பு, தவளை, எலி, பறவை முதலியவற்றின் உடம்பில் காத்திருக்கிறது. நாய் ஓணானைப் பிடித்துத் தின்றால் குஞ்சு நாயின் குடலுக்கு வந்து பெரிய புழுவாகிறது. இதுவரை வழக்கமான கதை. ஆனால் சில நாய்களில், நமக்குப் புரியாத பிடிவாதத்தோடு, குஞ்சு குடலில் தங்க மறுத்துவிடுகிறது. குடல் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வயிற்றுக் குழிக்குள் போய்விடுகிறது. அங்கே அது பெரிய புழுவாக வளருவதில்லை. குஞ்சாகவே இருந்துகொண்டு பெருகுகிறது.

முட்டையிடாமல் எப்படிப் பெருகும் என்று கேட்பீர்கள். ஒன்று இரண்டாகப் பிளந்து பெருகுகிறது. வாழையடியில் கன்று வெடிக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னிய ஓணான்களிடமிருந்து எடுத்த குஞ்சுப் புழுக்களை ஆராய்ச்சிச்சாலைப் பிராணிகளுக்குள் செலுத்தி, அவை இப்படித் தாமாகவே பிளந்து பெருகுவதை 1965-ம் வருஷம் எழுதிக் காட்டியவர்கள் ஸ்பெக்ட், மரியெட்டா வோகே என்ற இருவர். வோகே அம்மையார் லாஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியப் பல்கலைக் கழகத்தில் புழு ஆராய்ச்சி செய்தவர். அவருடைய பெயரையே 1991-ல் இந்தப் புழு வகைக்கு வைத்தார்கள்: மெசோசெஸ்டாய்டிஸ் வோகே. சிலர் பெயரைத் தெருவுக்கு வைக்கிறார்கள், சிலர் பெயரை ரோஜாவுக்கு வைக்கிறார்கள். இந்த அம்மையாருக்குக் கிடைத்தது நாடாப்புழு! புழு ஆராய்ச்சிக்காரர்களிடையே இது பெரிய மரியாதை என்று அறியவும். ஒரு நாய் விழுங்கியது நாலைந்து குஞ்சாகவே இருந்தாலும், வயிற்றுக் குழியில் அது ஆயிரக் கணக்கில் ஆகிவிட முடியும் என்பது அவர்கள் காட்டிய விஷயத்திலிருந்து விளங்குகிறது.

நாய்களுக்கு வரும் இந்த வியாதியைப் பற்றி அதிகமாக எழுதப்பட்டிருப்பது அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்துதான். அங்கே தோட்டத்து மரவேலிமேல் வெயில் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் ஓணான் ஒன்று உண்டு. அடிவயிறு நீலமாக இருக்கும். லாப்ரடாருக்கு அதைத் துரத்துவதைவிடச் சந்தோஷமான காரியம் வேறில்லை. 1998-ல் கிராஸ்பி என்பவரும் சகாக்களும் இந்த வியாதி கண்ட 11 நாய்களைப் பற்றி, எப்படிக் கண்டுபிடித்தார்கள், என்ன சிகிச்சை செய்தார்கள் என்று விவரமாக எழுதினார்கள். ஐரோப்பாவிலும் இல்லாமலில்லை. ஜெர்மனியில் இப்படி ஒரு நாய் 2007-ல் முதன் முறையாகப் பதிவாயிற்று.

இனிக் கண்டுபிடிப்பதைப் பற்றிச் சொல்லுகிறேன். இதில்தான் நாயின் உயிர் இருக்கிறது.

நாய் வந்தவுடன் டாக்டருக்குத் தெரிவது என்ன? சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு, இளைப்பு, சில சமயம் வாந்தி, பேதி, பிறகு வயிற்றில் நீர். பெரியவர்கள் மகோதரம் என்பார்களே, அதுதான். மகோதரம் ஒரு வியாதியே அல்ல. பல வியாதிகளின் அடையாளம். இருதயம் பலவீனமானாலும் நீர் கட்டும். கல்லீரல் கெட்டாலும் கட்டும். ரத்தத்தில் புரதம் குறைந்தாலும், வயிற்றுக்குள் புற்று இருந்தாலும், சீழ் பிடித்தாலும் கட்டும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லா வயிறும் ஒரே மாதிரிதான் உருண்டையாக இருக்கும். ரத்தப் பரிசோதனையும் உடம்புக்குள் ஏதோ அழற்சி இருக்கிறது என்று சொல்லுமே தவிரப் புழுவின் பெயரைச் சொல்லாது. எக்ஸ்ரே எடுத்தால் நீரின் காரணமாகப் படம் முழுவதும் பனி மூட்டம் போட்டாற்போல் இருக்கும். ஸ்கேன் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. நீர் இருப்பதையும், அந்த நீரில் சிறு சிறு துணுக்குகள் மிதப்பதையும், சில சமயம் சின்னப் பைகள் மாதிரி இருப்பதையும் காட்டிவிடும். இருந்தாலும் அதுவும் சந்தேகத்தைத்தான் வளர்க்கும். சந்தேகம் தீருவது ஊசியில்.

ஊசி என்றதும் அந்த அம்மாளுக்கு வந்த பயம் எல்லோருக்கும் வரும். விஷயம் அவ்வளவு பயங்கரமல்ல. நாயைப் படுக்க வைத்தோ, நிற்க வைத்தோ, வயிற்றில் ஓர் இடத்தில் ரோமத்தை எடுத்துச் சுத்தம் செய்து, ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்திக் கொஞ்சம் நீரை எடுப்பார்கள். ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்து காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருந்தால் பெரும்பாலான நாய்கள் சும்மா இருக்கும். தடுப்பூசிக்குச் செய்கிற ரகளையைவிட இதற்குக் குறைவாகவே செய்வதை நான் பார்த்திருக்கிறேன்.

எடுத்த நீரைக் கண்ணாடிக் குழாயில் விட்டு வெளிச்சத்தில் பிடிக்கவேண்டும். இருதய பலவீனத்தினாலோ, புரதக் குறைவினாலோ கட்டிய நீர் பெரும்பாலும் தெளிவாக ஓடும். இந்தப் புழுவின் நீர் கலங்கலாக இருக்கும்; அதில் வெண்மையான துணுக்குகள் மிதக்கும். உங்களுக்கு நான் எப்படி விளக்குவது? சவ்வரிசிக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சிய மாதிரி இருக்கும் என்றால் சட்டென்று விளங்கிவிடும். அமெரிக்க டாக்டர்களும் மரவள்ளி மாவு மணிகளில் செய்யும் இனிப்பைத்தான் உவமையாகச் சொல்லுகிறார்கள். பாயசப் பிரியர்கள் மன்னிக்கவும்! துணுக்குகள் மெல்லிய ஊசியில் அடைத்துக்கொண்டு நீரே வராமல் போவதும் உண்டு. "ஒன்றும் வரவில்லை" என்று அப்போது விட்டுவிடக்கூடாது; ஊசியை மாற்றிப் பார்க்கவேண்டும்.

அந்தத் துணுக்குகள்தான் புழுக்கள். ஆனால் கண்ணுக்குப் புழு மாதிரித் தெரியாது. மைக்ராஸ்கோப்பில் வைத்தால் சிலவற்றுக்குத் தலையும், தலையில் நாலு உறிஞ்சிகளும் இருக்கும். அப்படி இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. சங்கடம் எங்கே வருகிறதென்றால், நாயின் வயிற்றில் பெருகுகிற குஞ்சுகளில் பலவற்றுக்குத் தலையே இருப்பதில்லை. தலையில்லா வெறும் சதைத் துணுக்குகள். தலையையும் உறிஞ்சியையும் தேடுகிறவர் "இது வெறும் திசு, சீழ்க் கட்டி" என்று எழுதிவிட இடமுண்டு. அங்கேதான் ஓர் அடையாளம் கைகொடுக்கிறது. நாடாப்புழுவின் உடம்பில் சுண்ணாம்புச் சத்தாலான மிகச் சிறிய மணிகள் இருக்கும். வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கினாற்போல், வளையத்துக்குள் வளையமாக, பளபளவென்று தெரியும். நாயின் திசுவிலோ சீழிலோ இவை கிடையா. தலை இல்லாவிட்டாலும் இந்த மணிகள் இருந்துவிட்டால் "நாடாப்புழு" என்று கையெழுத்துப் போட்டுவிடலாம்.

ஆகையால் பரிசோதனைக்கு அனுப்பும்போது மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றி அனுப்பினால் போதாது. அடியில் தங்கிய வண்டலும் துணுக்குகளும் சேர்ந்து போகவேண்டும். காப்பி டிகாக்ஷனுக்குத்தான் வண்டல் ஆகாது. இங்கே எல்லா ரகசியமும் வண்டலில்தான் இருக்கிறது.

நாடாப்புழு என்று தெரிந்த பிறகு, எந்த நாடாப்புழு என்றும் தெரியவேண்டும். இதற்குத் துணுக்கிலிருந்து மரபணுவை எடுத்துச் செய்யும் பி.சி.ஆர். பரிசோதனை இப்போது உண்டு. வீண் செலவு என்று நினைக்காதீர்கள். ஐரோப்பாவிலும் கனடாவிலும் நரியிடமிருந்து வரும் எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் குஞ்சும் நாயின் வயிற்றுக்குள், முக்கியமாகக் கல்லீரலில், கட்டி கட்டியாக வளருவதுண்டு. அந்த நாயின் குடலில் பெரிய புழுவும் கூடவே இருந்தால், மலத்தில் வெளிவரும் முட்டை வீட்டிலுள்ள மனிதர்களுக்கு மிகவும் பொல்லாதது. மெசோசெஸ்டாய்டிஸ் அப்படியல்ல. நாயின் வயிற்றுக் குழியில் அடைபட்ட குஞ்சு நாயைக் கொஞ்சும் குழந்தைக்குத் தாவாது. மனிதருக்கு இந்தப் புழு வந்ததாக எழுதப்பட்டிருப்பது அபூர்வம். பாம்பு முதலியவற்றின் உறுப்புகளைப் பச்சையாகத் தின்பவர்களுக்கு வருவதே அது. குழந்தைகளை நாயிடமிருந்து பிரிப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு அந்தப் பரிசோதனைச் சீட்டுத்தான் பதில்.

எக்கினோகாக்கஸ் என்று சொன்னதால் நம் ஊர் விஷயம் ஒன்று. அதன் இன்னொரு வகை ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்ப் பைகளாக இருக்கும். கசாப்புக் கடையிலிருந்து கழிவு ஈரலை வாங்கி வந்து நாய்க்குப் பச்சையாகப் போடுகிற வழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். நன்றாக வேகவைத்துப் போடுங்கள்.

"மாதா மாதம் பூச்சி மருந்து கொடுத்தும் வந்துவிட்டதே" என்று அந்த அம்மாள் வருத்தப்பட்டிருக்கிறார். மாதாந்தர மருந்துகளில் பல, உருண்டைப் புழுவையும் இருதயப் புழுவையும் தடுப்பதற்காக ஏற்பட்டவை. நாடாப்புழுவை அவை தொடுவதேயில்லை. நாடாப்புழு மருந்தே ஒரு வேளை கொடுத்திருந்தாலும் குடலில் இருக்கும் பெரிய புழு சாகுமே தவிர, வெளியே பெருகிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு அது போதாது. பிள்ளையும் மருமகளும் அசட்டையாக இருந்தார்கள் என்று நினைக்க இதில் ஒன்றுமில்லை.

சீக்கிரம் கண்டுபிடித்தால் லாபம் உண்டா? உண்டு. 1989-லிருந்து 2009 வரை இந்த வியாதி கண்ட 60 நாய்களின் கதையைச் சேர்த்து 2011-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. கண்டுபிடித்த சமயத்தில் வியாதி எவ்வளவு முற்றியிருந்தது, சிகிச்சையை எவ்வளவு தீவிரமாகச் செய்தார்கள், இந்த இரண்டையும் பொறுத்தே நாய்கள் பிழைத்திருந்தன என்று தெரிந்தது. கருப்பை எடுக்கும் ஆபரேஷனுக்காக வயிற்றைத் திறந்தபோது தற்செயலாகத் துணுக்குகளைக் கண்டு, வியாதியின் அடையாளமே வெளியே தெரியாத நிலையில் சிகிச்சை பெற்ற நாய்களும் உண்டு. அவை அதிர்ஷ்டசாலிகள். வயிறு பானையாகி, எழுந்து நிற்கத் தெம்பில்லாத நிலையில் வருகிற நாயைப் பற்றி எந்த டாக்டரும் உறுதி சொல்லத் தயங்குவார்.

சிகிச்சையைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது வீட்டிலேயே ஆரம்பித்துவிடுவீர்கள். பென்பெண்டசோல் என்ற சாதாரணப் பூச்சி மருந்துதான். வழக்கமாக மூன்று நாள் கொடுப்பது. இந்த வியாதிக்கு அளவை ஒரு மடங்கு கூட்டி, தினம் இரண்டு வேளையாக, 28 நாள் கொடுக்கிறார்கள். வயிற்றுக் குழியைத் திறந்து கழுவித் துணுக்குகளை வாரி எடுப்பதும் உண்டு. அதன் பிறகும் மாதக் கணக்கில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு துணுக்கு தப்பினாலும் அது மறுபடி பிளக்க ஆரம்பித்துவிடும் அல்லவா?

டாக்டரிடம் போகும்போது உங்களால் ஆகக்கூடிய பெரிய உதவி ஒன்று இருக்கிறது. நாய் ஓணான், எலி, பறவை எதையாவது பிடித்துத் தின்னும் பழக்கமுள்ளதா என்பதை அவர் கேட்காமலே சொல்லிவிடுங்கள். "எங்கள் நாய் அதெல்லாம் செய்யாது" என்று குடும்ப கௌரவத்தைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். வேறு ஊரில் இருந்து வந்த நாயானால் எந்த ஊர் என்றும் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை கேட்டால்தான் டாக்டருக்கு மலத்தை விட்டு வயிற்றுக் குழியைப் பார்க்கவேண்டும் என்ற நினைப்பே வரும்.

மாம்பலத்து அம்மாளிடமிருந்து போன வாரம் மறுகடிதம் வந்தது. ஊசி போட்டு நீர் எடுத்தார்களாம். தாமே ஜிம்மியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாராம். "நீங்கள் எழுதியிருந்த சவ்வரிசியைக் கண்ணால் பார்த்தேன். இனிமேல் இந்த ஜன்மத்தில் அந்தப் பாயசம் செய்யமாட்டேன்" என்று எழுதியிருக்கிறார். தலை ஒன்றுக்கும் இல்லை. சுண்ணாம்பு மணிகள் இருந்தன. மரபணுப் பரிசோதனையில் மெசோசெஸ்டாய்டிஸ் என்று வந்தது. வயிற்றைக் கழுவி, மருந்து ஆரம்பித்துப் பதினோரு நாள் ஆகிறது. மருந்தைத் தயிர் சாதத்தில் பிசைந்து இரண்டு வேளையும் தம் கையாலேயே ஊட்டுகிறார். தட்டைக் காலி செய்துவிடுகிறதாம். மருமகள் வேலிப் பக்கம் ஒரு கம்பி வலை அடித்திருக்கிறாள். ஜிம்மி அந்த வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பக்கத்து ஓணானை மணிக் கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறதாம். அடுத்த ஸ்கேன் இருபத்தெட்டு நாள் மருந்து முடிந்த பிறகு.